ரிட்டர்ன் டு ஓஸ்: டோரத்தி சொன்னதை நம்பிய படம்

சவுண்ட் எடிட்டிங் வேலையில் இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் வால்டர் மர்ச் என்று சொல்லிப் பாருங்கள். கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் தொடக்கத்தில் ஹெலிகாப்டர் சத்தமும் ஓட்டல் அறையின் மின்விசிறியும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகுமே, அது அவருடைய கைவண்ணம். அந்தப் படத்தின் ஒலிக்கு ஒரு ஆஸ்கர் வாங்கினார். பிறகு ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ படத்துக்காக எடிட்டிங்குக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில், என் சீனியர் அண்ணன் ஒருவர் மர்ச் எழுதிய எடிட்டிங் புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதியைக் கொடுத்து, “இதப் படிச்சிட்டு வாம்மா, அப்புறம் டிராக்கைத் தொடலாம்” என்றார். அப்படித்தான் எனக்கு அவர் அறிமுகம்.

அந்த மர்ச் இயக்குநராக உட்கார்ந்து எடுத்த முழுநீளப் படம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு குழந்தைகள் படம். டிஸ்னி நிறுவனம் 1985 ஜூன் 21 அன்று வெளியிட்ட ‘ரிட்டர்ன் டு ஓஸ்’. 1939இல் எம்ஜிஎம் எடுத்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்துக்கு 46 வருடம் கழித்து, வேறொரு நிறுவனத்திலிருந்து வந்த தொடர்ச்சி. வெளியானபோது சரியாக ஓடவில்லை. இருட்டான படம், குழந்தைகளைப் பயமுறுத்துகிற படம் என்ற பேர் இன்றைக்கும் அதற்கு இருக்கிறது. ஒன்பது வயது மகளோடு உட்கார்ந்து இதைப் பார்த்ததிலிருந்து, அந்தப் பேர் இந்தப் படத்துக்குச் செய்த அநியாயத்தைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய முதல் ஓஸ் புத்தகத்தில் ஓஸ் நிஜமான தேசம். கான்சாஸ் பண்ணையில் ஆன்ட் எம், அங்கிள் ஹென்றியோடு வாழும் சிறுமி டோரத்தியை வீட்டோடு சூறாவளி அங்கே தூக்கிக்கொண்டு போகிறது. டோரத்தி திரும்பி வரும்போது, பறந்துபோன வீட்டுக்குப் பதிலாக அங்கிள் ஹென்றி புது வீடு கட்டி வைத்திருக்கிறார். கனவு என்ற பேச்சே அந்தப் புத்தகத்தில் கிடையாது. எம்ஜிஎம் படம்தான் அதைக் கனவாக்கியது. கடைசிக் காட்சியில் டோரத்தி கட்டிலில் கண் விழிக்கிறாள். நீங்களெல்லாம் அங்கே இருந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் காட்டிச் சொல்கிறாள். பெரியவர்கள் சுற்றி நின்று பாசமாகச் சிரிக்கிறார்கள். எல்லோருக்கும் பிடித்த முடிவு அது. எனக்கும் சின்ன வயதில் பிடித்திருந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கட்டில் காட்சிக்கு மறுநாள் என்ன நடந்திருக்கும்? அந்தப் பெண் மறுநாளும் அதையே சொன்னால்? அடுத்த வாரமும்? ஆறு மாதம் கழித்தும், ராத்திரி தூங்காமல், ஓஸில் நண்பர்களான சோளக்கொல்லை பொம்மையையும் தகர மனிதனையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அந்த அன்பான பெரியவர்கள் என்ன செய்வார்கள்?

மர்ச் படத்தை அங்கேதான் தொடங்குகிறார். 1899, அக்டோபர் மாதம், கான்சாஸ். வீடு இன்னும் கட்டி முடியவில்லை. அங்கிள் ஹென்றியின் கால் குணமாகிவிட்டது என்கிறார்கள், ஆனாலும் மனிதர் சுருண்டுபோய் உட்கார்ந்திருக்கிறார். குளிர்காலம் வந்துகொண்டிருக்கிறது. டோரத்திக்குத் தூக்கம் இல்லை. பத்திரிகையில் மின்சார வைத்தியம் பற்றிப் படித்த ஆன்ட் எம், குதிரை வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு டாக்டர் வொர்லியின் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். நாய் டோட்டோ வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வருகிறது. வீட்டுக்குப் போ என்று அதை அதட்டி அனுப்புகிறாள் டோரத்தி.

மைக்கேல் லெசி தொகுத்த ‘விஸ்கான்சின் டெத் டிரிப்’ என்ற புத்தகம் மர்ச்சின் மனதில் இருந்திருக்கிறது. அந்தக் காலத்து விஸ்கான்சின் கிராமப்புறத்துப் புகைப்படங்களும் செய்தித்தாள் துணுக்குகளும் நிறைந்த புத்தகம் அது. பனி, நோய், கடன், தனிமை, புத்தி பேதலித்துப்போன குடியானவர்கள். கான்சாஸ் காட்சிகளில் வருகிற அந்தச் சாம்பல் நிறம் அங்கிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கான்சாஸை எடுத்தது இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில். பாமின் முதல் புத்தகத்தின் தொடக்கப் பக்கங்களைப் படித்தவர்களுக்கு இந்த நிறம் புதிதாக இருக்காது. வெயிலில் வெளுத்த நிலம், வெளுத்த வீடு, சிரிப்பு மறந்த ஆன்ட் எம் என்று அவரும் சாம்பலைக் குழைத்துத்தான் எழுதியிருப்பார்.

அந்த ஆஸ்பத்திரிக் காட்சியைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். எனக்குப் படத்திலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

டாக்டர் வொர்லியாக நடித்திருக்கிறவர் நிகோல் வில்லியம்சன். குரலை ஒரு இடத்திலும் உயர்த்துவதில்லை. டோரத்தி சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறார், தலையாட்டுகிறார். அப்புறம் தன்னுடைய மின்சார இயந்திரத்தைக் காட்டுகிறார். இதோ பார், இதற்கும் ஒரு முகம் இருக்கிறது, இது கண், இது மூக்கு என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மூளையும் ஒரு இயந்திரம், அதில் கூடுதலாக ஓடுகிற மின்சாரத்தை எடுத்துவிட்டால் கெட்ட கனவெல்லாம் போய்விடும் என்று ஆறுதல் சொல்கிறார். ஒரு வார்த்தைகூடக் கடுமையாக இல்லை. அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது. ஆன்ட் எம் முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போகிறாள்.

என் மகள் இந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா அந்த ஆன்ட்டி அவள அங்கயே விட்டுட்டுப் போறாங்க?” என்று கேட்டாள். இயந்திரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கட்டிலில் பட்டை போட்டுக் கட்டுவதைப் பற்றியும் கேட்கவில்லை. ஹாலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார், “அவ என்ன பண்ணுவா பாவம், வீடு பாதியில நிக்குது, புருஷன் முடங்கிக் கெடக்கான், பிள்ளையும் தூங்க மாட்டேங்குது” என்றார். எனக்கு முன்னால் அவர் பதில் சொல்லிவிட்டார். நம் ஊரில் பிள்ளை ராத்திரியில் அலறினால் தர்காவுக்கோ கோயிலுக்கோ தூக்கிக்கொண்டு போய் மந்திரித்துக் கயிறு கட்டுகிற மாதிரிதான் ஆன்ட் எம் செய்வதும். அன்பில்தான் செய்கிறாள். இந்தப் படம் அவளை வில்லியாக்கவில்லை. குழந்தை சொல்வதை நம்பாமலேயே குழந்தையை நேசிக்க முடியும், அப்படி நேசிப்பவர்களால் குழந்தைக்கு ஆபத்தும் வரலாம். இதை ஒரு குழந்தைகள் படத்தில் இவ்வளவு நேராகச் சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். டோரத்தியைச் சக்கரக் கட்டிலில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தச் சக்கரங்கள் கிறீச், கிறீச் என்கின்றன. படத்துக்கு வேண்டிய சத்தங்களைச் செய்து பதிவு பண்ணுகிற ஃபோலி அறையில் இந்த மாதிரிச் சத்தம் எடுப்பது சுலபம். எண்ணெய் போடாத கீல், பழைய டிராலி, துருப்பிடித்த ஸ்டூல், ஏதாவது ஒன்று போதும். ஆனால் மிக்ஸிங்கில் பெரும்பாலும் அதைக் குறைக்கத்தான் சொல்வார்கள். வசனத்துக்கு இடைஞ்சல், காதை உறுத்துகிறது என்பார்கள். மர்ச் அதைக் குறைக்கவில்லை. காது நன்றாக வாங்கிக்கொள்ளும்படி வைத்துவிடுகிறார். பிறகு இடி விழுகிறது, மின்சாரம் நிற்கிறது, ஒரு பெண் வந்து கட்டுகளை அவிழ்த்துவிடுகிறாள், இருவரும் மழையில் ஓடி ஆற்றில் விழுகிறார்கள். விடிந்து பார்த்தால் டோரத்தி, பிலினா என்ற பேசும் கோழியோடு ஓஸில் இருக்கிறாள். பாழடைந்துபோன ஓஸின் தலைநகரான மரகத நகரத்துக்குள் நடக்கிறாள். சுற்றிலும் கல்லாகிப்போன மனிதர்கள். பேச்சு இல்லை. அப்போது தூரத்திலிருந்து அதே கிறீச், கிறீச்.

வீலர்கள் வருகிறார்கள். கைகால்களில் விரல்களுக்குப் பதில் சக்கரம் வைத்த மனிதர்கள். நாலு காலில் உருண்டு உருண்டு, சிரித்துக்கொண்டே துரத்துகிறார்கள். அந்தச் சத்தம் ஏற்கெனவே நம் காதுக்குள் இருக்கிறது. எங்கே கேட்டோம் என்று மூளை யோசிப்பதற்குள் முதுகு சில்லிட்டுவிடுகிறது. இதை வசனத்தில் சொல்லியிருந்தால் ஒன்றுமே இல்லை. சக்கரக் கட்டில் வீலர் ஆனது, ஆஸ்பத்திரி நர்ஸ் வில்சன் மோம்பி என்ற சூனியக்காரி ஆனாள், டாக்டர் வொர்லி பூமிக்கடியில் வாழும் பாறை மனிதர்களான நோம்களின் அரசன் ஆனான். கட்டுகளை அவிழ்த்துவிட்ட பெண் டோரத்தி கையில் கொடுத்த ஹாலோவீன் பூசணிக்காய், பூசணித்தலை ஜாக் ஆனது. நர்ஸும் மோம்பியும் ஜீன் மார்ஷ் என்ற ஒரே நடிகை. 1939 படமும் இப்படி ஒரே நடிகர்களை இரண்டு இடத்திலும் பயன்படுத்தியது. அங்கே அது, எல்லாம் கனவுதான் என்பதற்குச் சாட்சி. இங்கே எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக நிற்க மாட்டேன் என்கிறது. ஓஸ் கான்சாஸின் நிழலா, கான்சாஸ் ஓஸின் நிழலா என்று படம் கடைசிவரை வாயைத் திறப்பதில்லை.

வீலர்களைப் பற்றி மூலப் புத்தகத்தில் ஒரு அழகான விஷயம் உண்டு. பிடிபட்ட வீலர் ஒருவன் உண்மையை ஒப்புக்கொள்கிறான்: கை இல்லாத நாங்கள் யாரோடும் சண்டை போட முடியாது, அதனால்தான் பயங்கரமானவர்கள் மாதிரி நடிக்கிறோம் என்கிறான். மகளுக்கு அன்று ராத்திரியே அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். நிம்மதியாகத் தூங்கினாள்.

மூலப் புத்தகம் என்றால் ஒன்றில்லை, இரண்டு. 1904இல் வந்த ‘தி மார்வலஸ் லேண்ட் ஆஃப் ஓஸ்’, 1907இல் வந்த ‘ஓஸ்மா ஆஃப் ஓஸ்’. பாம் மொத்தம் 14 ஓஸ் நாவல்கள் எழுதினார். மர்ச்சும் கில் டென்னிஸும் திரைக்கதையில் இந்த இரண்டையும் பின்னியிருக்கிறார்கள். 30 தலைகளை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு தினம் ஒன்றை மாட்டிக்கொள்கிற இளவரசி ஒருத்தி மூன்றாவது புத்தகத்தில் வருகிறாள். மோம்பி இரண்டாவது புத்தகத்தின் சூனியக்காரி. இருவரையும் ஒருத்தியாக்கிவிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் வரிசையாக அலமாரிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தலை. டோரத்தி திருட்டுத்தனமாக உள்ளே போய், தூவினால் எதற்கும் உயிர் வரவைக்கிற உயிர்ப்பொடியை எடுக்கும்போது மோம்பியின் சொந்தத் தலை கண்ணைத் திறந்து அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. மற்றத் தலைகளெல்லாம் சேர்ந்து அலறுகின்றன. தலையில்லாத உடம்பு கட்டிலிலிருந்து எழுந்து வருகிறது. என் மகள் தலையணைக்குப் பின்னால் போனது இந்த ஒரு இடத்தில்தான். முடிந்தவுடனே, “இன்னொரு தடவ போடும்மா” என்றாள்.

ஜான் ஆர். நீல் அந்தப் புத்தகங்களுக்கு வரைந்த ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு, படத்தில் பாத்திரங்கள் நடந்து வருவதைப் பார்ப்பது தனி சந்தோஷம். குச்சிக்கால் ஜாக், பானை வயிற்று டிக்-டாக் எல்லாமே நீலின் பேனாவிலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். டிக்-டாக் ஒரு செம்பு இயந்திர மனிதன். யோசிக்க ஒரு சாவி, பேச ஒரு சாவி, நடக்க ஒரு சாவி. எது தீர்ந்தாலும் யாராவது முடுக்கிவிட வேண்டும். நடக்கிற சாவி தீர்ந்துபோனால் நின்ற இடத்திலிருந்தே பேசிக்கொண்டிருப்பான்.

அந்த உருண்டைக்குள் இருந்தது மைக்கேல் சண்டின் என்ற ஜிம்னாஸ்டிக் வீரர். முன்பக்கமாகக் குனிந்து, இரண்டு கால்களுக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்திருக்கிறார். எங்கே போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. உள்ளே வைத்திருந்த சின்ன டிவி திரையைப் பார்த்துத்தான் அடி எடுத்து வைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சிகளை மறுபடி பார்த்தேன். அந்தக் குட்டைக் கால்கள் தத்தித் தத்தி வருவதில் ஒரு மரியாதையும் தயக்கமும் கலந்த நடை இருக்கிறது. உள்ளே ஒரு மனிதன் தலைகீழாகப் பட்ட பாட்டை நம்மால் கண்டுபிடிக்கவே முடியாது. டிக்-டாக்குக்குக் குரல் கொடுத்தவர் ஷான் பேரட். மூச்சு விடுகிற சத்தம் துளிகூட இல்லாத குரல். டப்பிங் அறையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும், மூச்சை மறைத்துப் பேசி அதற்குள் பாசத்தையும் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று.

அப்புறம் கம்ப். இரண்டு சோபாக்களைக் கயிறு போட்டுக் கட்டி, பனையோலை போன்ற இலைகளை இறக்கையாக வைத்து, சுவரில் மாட்டியிருந்த ஒரு மிருகத்தின் தலையை முன்னால் பொருத்தி, உயிர்ப்பொடியைத் தூவினால் பறக்கிறது. என் மாமியாருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. வெங்காயத் தட்டு அப்படியே இருக்க, கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். அவருக்குப் பிடித்த இன்னொரு ஆள் கோழி பிலினா. யாருக்கும் பயப்படாமல், எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டு வருகிற கோழி.

நோம் அரசன் பகுதி படத்தின் உச்சம். வில் வின்டன் என்ற களிமண் அனிமேஷன் கலைஞரின் குழு செய்தது. பாறைச் சுவரில் கண்கள் திறக்கின்றன, வாய் அசைகிறது, ஒரு முகம் உருண்டு இன்னொரு முகத்துக்குள் போகிறது. அந்த வருடம் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு இந்தப் படம் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு ‘கக்கூன்’ படத்துக்குப் போனது. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

நோம் அரசனிடம் ஒரு நியாயமும் இருக்கிறது. மரகதங்கள் எல்லாம் என் பூமிக்குள் இருந்தவை, மேலே இருக்கிறவர்கள் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள், நான் திருப்பி எடுத்துக்கொண்டேன் என்கிறான். டோரத்தியின் நண்பர்களைத் தன் அறையில் அலங்காரப் பொருட்களாக மாற்றி வைக்கிறான். ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. சரியான பொருளைத் தொட்டு ஓஸ் என்று சொல்ல வேண்டும். தவறினால் தொட்டவரும் பொருளாகிவிடுவார். ஒவ்வொருவராக உள்ளே போய்த் தோற்கத் தோற்க, அரசனின் பாறை உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக மனிதத் தோல் வருகிறது. நிகோல் வில்லியம்சனின் முகம் தெரிய ஆரம்பிக்கிறது. அதுவரை நமக்குச் சந்தேகமாக இருந்தது அப்போது உறுதியாகிறது.

அந்த நேரத்தில் அரசன் டோரத்தியிடம் ஒரு பேரம் பேசுகிறான். அவள் தொலைத்த மந்திர மாணிக்கச் செருப்பு அவன் காலில் இருக்கிறது. இதை வைத்து உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், போனதும் ஓஸைப் பற்றி நினைக்கவே மாட்டாய், நண்பர்களை மறந்துவிடு என்கிறான். கான்சாஸில் டாக்டர் சொன்னதும் இதுவேதான். அதே நடிகர், அதே மெதுவான குரல், அதே வாக்குறுதி. எனக்கு இந்தப் படம் முழுவதும் இந்த ஒரு இடத்தில் வந்து நிற்கிறது. மறந்துவிடு, உனக்கு நிம்மதியாக இருக்கும் என்று பெரியவர்கள் இரண்டு உலகத்திலும் ஒரு குழந்தையிடம் கெஞ்சுகிறார்கள். அவள் மாட்டேன் என்கிறாள். அழுதுகொண்டோ, கத்திக்கொண்டோ சொல்வதில்லை. உள்ளே போய், தன் வாய்ப்பைப் பயன்படுத்தி, நண்பர்களைத் தேடுகிறாள்.

டோரத்தியாக நடித்த ஃபைருஸா பால்க்குக்கு இதுதான் முதல் திரைப்படம். படப்பிடிப்பு நடந்தபோது ஒன்பது, பத்து வயது. 1939இல் ஜூடி கார்லண்டுக்குப் பதினாறு வயது இருந்தது. புத்தகத்து டோரத்தி சின்னக் குழந்தை, அதனால் இந்தத் தேர்வு சரியான தேர்வு. இந்தப் பெண்ணுக்குப் பாட்டு இல்லை, நடனம் இல்லை. பெரிய பெரிய கண்களோடு, யார் எது சொன்னாலும் அதை முழுவதும் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறாள். படத்தில் யாருமே அவள் பேச்சைக் கேட்காதபோது, அவள் மட்டும் எல்லோர் பேச்சையும் கேட்கிறாள். பூசணித்தலை ஜாக், உங்களை அம்மா என்று கூப்பிடலாமா என்கிறபோது, ஒரு நொடி யோசித்துவிட்டுச் சரி என்கிறாள். அந்த நொடியை எடிட்டிங்கில் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். டேவிட் ஷையரின் இசையும் அப்படித்தான் அவசரப்படாமல் வருகிறது. லண்டன் சிம்பனி இசைக்குழு வாசித்த அந்த இசையைத் தனியாகக் கேட்டாலும் அலுக்காது.

இந்தப் படம் உருவான கதையும் லேசானதில்லை. ஓஸ் புத்தகங்களின் உரிமையை டிஸ்னி 1954லேயே வாங்கி வைத்திருந்தது. மாணிக்கச் செருப்பு மட்டும் எம்ஜிஎம் படத்தின் கற்பனை. பாமின் புத்தகத்தில் அது வெள்ளிச் செருப்பு. மக்கள் மனதில் சிவப்பு நிறம் பதிந்துவிட்டதால், அதைப் பயன்படுத்த டிஸ்னி தனியாகப் பணம் கட்டியது. 1984இல் லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் வேலை தொடங்கியது. சில வாரங்களிலேயே படம் மெதுவாகப் போகிறது என்று மர்ச்சை நீக்கிவிட்டார்கள். கல்லூரிக் காலத்திலிருந்து நண்பரான ஜார்ஜ் லூகாஸ் அவருக்காக உறுதி கொடுத்த பிறகுதான் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சுமார் 2 கோடியே 80 லட்சம் டாலர் செலவான படம் அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 10 லட்சம்தான் வசூலித்தது. மர்ச் அதற்குப் பிறகு லூகாஸின் அனிமேஷன் தொடரில் ஒரு எபிசோட் இயக்கினார், அவ்வளவுதான். இன்னொரு முழுநீளப் படம் எடுக்கவில்லை. இவரிடம் இன்னும் நாலு படம் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. சோளக்கொல்லை பொம்மைக்கு முகம் அசைவதே இல்லை, அவனைத் தேடித்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஏமாற்றமாக இருக்கிறது. சிங்கமும் தகர மனிதனும் கடைசி ஊர்வலத்தில் தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். கம்ப் பறக்கும் சில ஷாட்டுகள் இன்றைய கண்ணுக்கு ஒட்டு வேலையாகத் தெரியும். இதையெல்லாம் என் மகள் கவனிக்கவே இல்லை. அவளுக்கு முட்டை விஷயத்தில்தான் ஆர்வம். நோம்களுக்குக் கோழிமுட்டை விஷம். பூசணித்தலைக்குள் ஒளிந்திருந்த பிலினா இட்ட முட்டை அரசன் வாய்க்குள் போய்விழுகிற இடத்தில் மாமியாரும் பேத்தியும் சேர்ந்து கை தட்டினார்கள்.

முடிவில் டோரத்தி கான்சாஸுக்குத் திரும்பிவிடுகிறாள். ஆஸ்பத்திரி இடி விழுந்து எரிந்துவிட்டது, இயந்திரத்தைக் காப்பாற்றப் போன டாக்டர் இறந்துவிட்டார், நர்ஸைக் கூண்டு வண்டியில் கொண்டு போகிறார்கள். வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. தன் அறைக் கண்ணாடியில் ஓஸின் இளவரசியான ஓஸ்மாவையும் பிலினாவையும் பார்க்கிறாள் டோரத்தி. சந்தோஷத்தில் ஆன்ட் எம்மைக் கூப்பிடுகிறாள். ஓஸ்மா உதட்டில் விரலை வைத்து வேண்டாம் என்று காட்டுகிறாள். ஆன்ட் எம் வந்து கேட்கும்போது, வெறும் பிம்பம்தான் என்று சொல்லிச் சமாளித்துவிட்டு விளையாட ஓடிவிடுகிறாள். இந்த இடத்தைப் பற்றி எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பெரிய விவாதம். கடைசியில் பெரியவர்கள்தான் ஜெயித்தார்கள், அவள் வாயை மூடிவிட்டாள் என்பது அவர் கட்சி. எனக்கு அப்படிப் படவில்லை. டோரத்தி தான் பார்த்ததை மறக்கவில்லை, மறுக்கவும் இல்லை. யாரிடம் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யக் கற்றுக்கொண்டாள். அந்த முடிவு அவள் கையில் இருக்கிறவரை எந்த டாக்டராலும் அவளை ஒன்றும் செய்ய முடியாது. பாமின் ஆறாவது புத்தகத்தில், 1910இல் வந்தது, ஆன்ட் எம்மும் அங்கிள் ஹென்றியும் கடனுக்குப் பண்ணையைப் பறிகொடுக்கும் நிலைக்கு வந்து, டோரத்தி அவர்களை ஓஸுக்கே அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். ஒருநாள் அவர்களும் கண்ணால் பார்க்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்து பார்த்தால், அந்தக் கண்ணாடிக் காட்சியின் கனம் கொஞ்சம் குறையும்.

பிள்ளைகளோடு பார்க்க நினைக்கிறவர்களுக்கு: எட்டு வயதுக்குக் கீழே என்றால் கொஞ்சம் பொறுத்துக் காட்டுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், போனை வைத்துவிடுங்கள், ஆஸ்பத்திரிப் பகுதியில் ஓட்டிவிடாதீர்கள். அதைத் தாண்டி வராமல் ஓஸுக்குள் போனால் வீலர்கள் வெறும் வேடிக்கை மனிதர்கள் ஆகிவிடுவார்கள். முடிந்தால் நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் அந்தச் சக்கரச் சத்தம் பாதிதான் கேட்கும். படம் பிடித்துப்போனால் மூன்றாவது புத்தகமான ‘ஓஸ்மா ஆஃப் ஓஸ்’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, முந்தைய இரண்டையும் படிக்காமலும் புரியும். என் மகள் இப்போது அதில் சாப்பாட்டு டப்பா காய்க்கிற மரத்தில் நிற்கிறாள். காய் எப்போது பழுக்கும், உள்ளே ஊறுகாய் வைத்திருப்பார்களா என்று தினமும் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது கேட்கிறாள்.